டவுன்போர்டு கிடா

"யார் ஆடு? ஒரே கேள்விதான் கேக்கறேன். யார் ஆடு?"

"எத்தனை வாட்டி சொல்றதுங்க கிராணி ஐயா? அது சாமி ஆடு!"

"சாமிக்கெல்லாம் டவுன்போர்டுல பேர் கிடையாது. உன் ஆடுன்னு வாயைத் திறந்து சொல்லு, அவுத்துட்டுப் போ."

"குடுத்த பொருளை என்னுதுன்னு எப்படிங்க சொல்றது? நாக்கு அழுகிடாது?"

"அப்ப உன் சாமியே வந்து கேட்டு வாங்கிக்கட்டும்!"

சொல்லிவிட்டு, ஒருவேளை காதில் விழுந்திருக்குமோ என்று, டவுன்போர்டு என்கிற ஊர்ச் சபையின் குமாஸ்தாவான கிராணி சபாபதி தண்டவாளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். முனியாண்டி கோயில் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

சுங்கை மெராந்தி என்பது மலாயாவில் லாபிஸுக்கு அடுத்த ஸ்டேஷன். ஜப்பான்காரன் வந்த பிறகு எங்கள் ஊரில் சர்க்கரை இல்லை, துணி இல்லை, சோப்பு இல்லை; சண்டை மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. தெருவில் திரியும் ஆடு மாடுகளை டவுன்போர்டு பிடித்து அடைக்கிற பட்டி, சந்தைக்குப் பின்னால் இருந்தது. அங்கே சத்தம் கேட்டதும் ரேஷன் வரிசையே கலைந்து வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இத்தனைக்கும் காரணமான கறுப்புக் கிடா, கழுத்தில் மஞ்சள் துணியோடு, யாருக்கு வந்த விருந்தோ என்று உள்ளே அசை போட்டுக்கொண்டிருந்தது.

பட்டியின் சாவி ஓவர்சியர் மணியத்தின் இடுப்பில் தொங்கியது. சாக்கடை, தெருக்குழாய், விளக்குக் கம்பம், குப்பை வண்டி, பட்டி என்று ஊரில் நாறுவதும் ஒழுகுவதும் எல்லாம் அவர் பொறுப்பு. மூவாரிலிருந்து மாற்றலாகி வந்தவர், கல்யாணம் ஆகாதவர், வெள்ளைக் கால்சட்டையில் ஒட்டுப் போட்ட இடத்தை யாரும் பார்க்காதபடி சுவரோரமாக நடப்பவர். எல்லாரும் பார்த்திருக்கிறோம், அது வேறு.

சண்டை போட்ட கருப்பாயி அவருக்குக் கீழே தெருக் கூட்டுகிறவள். அவள் புருஷன் அர்ச்சுனனைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவர் உயிரோடு திரும்பி வந்தால் கிடா வெட்டுவதாக முனியாண்டிக்கு நேர்ந்து, மஞ்சள் துணி கட்டி அன்றைக்கே கிடாவை மேய அவிழ்த்துவிட்டாள். நேர்ந்துவிட்ட கிடா எங்கே வேண்டுமானாலும் மேயலாம். யாரும் விரட்ட மாட்டார்கள், யாரும் அதை என்னுது என்றும் சொல்ல மாட்டார்கள்.

வினை அங்கேதான் வந்தது. காலி நிலம் எல்லாம் மரவள்ளி போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சபாபதியும் ஊருக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று ஆபீஸ் வாசலிலேயே ஒரு பாத்தி நட்டு, ஆள் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். வியாழக்கிழமை சிகாமட்டிலிருந்து ஜப்பான் அதிகாரி பார்வையிட வருவதாக ஏற்பாடு. கிடா முந்திக்கொண்டு பார்வையிட்டுவிட்டது. குச்சிகள்தான் மிச்சம். பியூன் பார்த்தான், மீன்காரர்கள் பார்த்தார்கள், வாசலில் நின்ற காவல்காரர் வழியே விட்டார். சாமி சாப்பிடும்போது யார் போய்க் கையைத் தட்டுவது?

"உடையவங்க வந்து கேக்காத ஆடு டவுன்போர்டுக்குச் சொந்தம். வெள்ளைக்காரன் காலத்துலேருந்து அதான் விதி," என்றார் சபாபதி. "மரவள்ளி போச்சு. வர்ற ஜப்பான் துவானுக்கு நல்ல ஆட்டுக் கறியாவது போட்டாத்தான் என் தலை தப்பும்."

கருப்பாயி அப்புறம் கத்தவில்லை. "அந்த ஆடு அவர் உசுருங்க," என்று மணியத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கத்தியதைவிட இதுதான் மணியத்துக்குப் பொறுக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் சபாபதியிடம் போய், "ஆடு என்னுதுன்னு நான் சொல்லிடறேங்க," என்றார்.

அதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அங்கம்மா கேட்டுவிட்டாள். அர்ச்சுனனின் தங்கை. அவள் அங்கே ஏன் நின்றாள், மணியம் ஏன் பட்டியைப் பூட்ட அத்தனை நேரம் எடுத்துக்கொண்டார் என்பதெல்லாம் ஊருக்கு அப்போதே தெரியும்.

"நல்லா இருக்கு ஓவர்சியரே! உங்க ஆடுன்னு சொல்லிட்டா நேர்ச்சையும் உங்க பேருக்குப் போயிடும். எங்கண்ணனுக்குப் பதிலா நீங்களா சயாமுலேருந்து வந்து எறங்கப் போறீங்க?"

"பின்னே என்னதான் செய்யச் சொல்றே?"

"இத்தனை பெரிய ஊரை நிர்வாகம் பண்றீங்க, ஒரு ஆட்டை நிர்வாகம் பண்ணத் தெரியலையாக்கும்," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மணியம் பட்டி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய வேலை வேறு மலையாகக் கிடந்தது. ஸ்டேஷன் ரோட்டுச் சாக்கடைக் கரையில் புல் இடுப்புயரம். போன தடவை அந்த அதிகாரி புல்லைப் பார்த்துவிட்டு, கொசு வளர்க்கிறீர்களா என்று சபாபதியை வெயிலில் நிற்க வைத்தார். வெட்ட ஆள் ஏது? புல் வெட்டும் ஆட்கள் எல்லாரும் அர்ச்சுனனோடு ஒரே வண்டியில் போனவர்கள். இப்படி யோசித்துக்கொண்டே பார்த்தவர் கண்ணில் ஒன்று பட்டது. பட்டிக்குள் ஒரு புல் இல்லை. வேலிக்கு வெளியேயும், கிடாவின் கழுத்து எட்டுகிற தூரம் வரைக்கும், நாவிதர் வழித்த மாதிரி மொட்டையாக இருந்தது.

மறுநாள் காலையில் கிடா ஸ்டேஷன் ரோட்டுச் சாக்கடைக் கரையில் நின்றது. நீளமான கயிறு, மஞ்சள் துணிக்குப் பக்கத்திலேயே டவுன்போர்டு ஆட்கள் கையில் கட்டுகிற வெள்ளைப் பட்டை. மணியம் கயிற்றை மாற்றி மாற்றிக் கட்ட, அது கரையோரமாக மேய்ந்துகொண்டே போயிற்று.

சபாபதி சைக்கிளிலிருந்து இறங்கினார். "அலமாக்! என்னய்யா கூத்து இது?"

"புல் வெட்ட ஆள் இல்லைன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க. டவுன்போர்டுக்குச் சொந்தமான ஆடுன்னும் நீங்கதான் சொன்னீங்க. வேலைக்குப் போட்டுட்டேன். வேலையில இருக்கிற ஆளைக் கறி வச்சா, நாளைக்கு எவன் வேலைக்கு வருவான்?"

சபாபதி சாக்கடைக் கரையைப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்துக் கரை கண்ணுக்குத் தெரிந்தது. வெயிலில் நின்றது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "துவான் ஏதாவது கேட்டா நீதான் பதில் சொல்லணும், எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று சைக்கிளை மிதித்தார்.

கருப்பாயிக்கு மட்டும் ஒரு சந்தேகம். சாமி ஆட்டை வேலை வாங்கலாமா? விளக்குமாறும் கையுமாக அதைப் பார்த்தபடி நின்றுவிட்டு அவளே தீர்ப்பும் சொன்னாள்: "மேயட்டும். அவரும் அங்கே சும்மாவா இருக்காரு?"

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். சபாபதி தரையில் நெற்றி முட்டும் அளவுக்குக் குனிந்து நிமிர்ந்து, மரவள்ளிக் குச்சிகளைத் தன் முதுகால் மறைத்தபடியே பேசி முடித்துவிட்டார். ஸ்டேஷன் ரோட்டில் அதிகாரி நின்றார். சாக்கடைக் கரையைப் பார்த்தார். கிடாவைப் பார்த்தார். அதன் கழுத்திலிருந்த பட்டையைக் காட்டி ஏதோ கேட்டார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர், "இது என்ன என்று கேட்கிறார்," என்றார்.

சபாபதி மணியத்தைப் பார்த்தார். எதிரே பெருக்குவதுபோல் நின்ற கருப்பாயியின் விளக்குமாறு ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"புல் வெட்டுற ஆளுங்க," என்றார் மணியம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "இருந்தவங்க எல்லாம் சயாமுக்குப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறது இதுதான்."

அது ஜப்பான் பாஷைக்கு மாறிப் போய்ச் சேர்வதற்குள் மணியத்துக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. அதிகாரி சிரிக்கவும் இல்லை, அறையவும் இல்லை. கிடாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இன்னொரு கேள்வி கேட்டார்.

"இதற்கு என்ன ரேஷன் கொடுக்கிறீர்கள் என்கிறார்."

"ஒன்றும் இல்லை, துவான்," என்றார் சபாபதி, சிக்கனத்துக்குப் பாராட்டுக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

கிடைத்தது வசவு. வேலை செய்கிற பிராணிக்கு உப்பு கொடுக்க வேண்டாமா என்று அதிகாரி கத்திவிட்டுப் போனார். அன்று முதல் கிடாவுக்கு உப்பு ரேஷன். வீட்டில் மனிதர்கள் உப்பில்லாமல் மரவள்ளிக் கஞ்சி குடித்த காலம் அது. கிடாவின் உப்பைக் கருப்பாயிதான் வாங்கிக்கொண்டு போனாள். கிடா பாதிதான் நக்கியது என்று சொல்வாள். மிச்சம் பாதி சாமி பிரசாதம் என்று, கூலிகள் குடியிருந்த லைனில் அத்தனை வீட்டுக் கஞ்சியிலும் விழுந்தது. கிடா எத்தனை நக்கியது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை, நானறிய.

ஜப்பான்காரன் சரணடைந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, சபாபதி மறுபடியும் பழைய மாதிரி 'குட் மார்னிங்' சொல்லப் பழகிக்கொண்டிருந்த நாளில் அர்ச்சுனன் ரயிலிலிருந்து இறங்கினார். கருப்பாயி அடையாளம் தெரியாமல் அவரைத் தாண்டிப் போய்விட்டாளாம். கிடாதான் வழியை மறித்துக்கொண்டு நின்றது என்பாள். கிடா அன்றைக்குச் சந்தைப் பக்கம் கட்டியிருந்தது, நானே பார்த்தேன். இருக்கட்டும், அவள் சந்தோஷம்.

நேர்ச்சை தீர்க்க நாள் குறித்ததும் சபாபதி ஒரு முறை முறுக்கிப் பார்த்தார். "அது டவுன்போர்டு ஆடு லா. புது துரையைக் கேக்காம எப்படி வெட்டுவே?"

"அது உங்க ஆடும் இல்லை, என் ஆடும் இல்லைங்க. மொத நாளே சொன்னேன்," என்றாள் கருப்பாயி.

மணியம் கிடாவின் கழுத்திலிருந்து வெள்ளைப் பட்டையை அவிழ்த்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, கயிற்றை அர்ச்சுனன் கையில் கொடுத்தார். அன்றைக்கு ஊரே முனியாண்டி கோயிலில் சாப்பிட்டது. சபாபதிக்குத் தொடைக் கறி. மணியம் மட்டும் ரசத்தோடு எழுந்துவிட்டார். கூட வேலை பார்த்தவனை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டாராம்.

அண்ணன் திரும்பும்வரை கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்றிருந்த அங்கம்மா, அடுத்த தை மாதம் மணியத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் மூவாருக்கு மாற்றலாகிப் போனார்கள். கால்சட்டையை இப்போது ஒட்டுத் தெரியாமல் அவள் தைத்து அனுப்புகிறாள், நடு ரோட்டில் நடக்கிறாராம். அர்ச்சுனனும் கருப்பாயியும் லாபிஸ் பக்கம் ஒரு துண்டு நிலம் எடுத்துக் குடி போய்விட்டார்கள். சபாபதி இங்கேதான் இருக்கிறார். ஸ்டேஷன் ரோட்டில் புல் மறுபடியும் இடுப்புயரம்.