ஏசியில் நிற்கிற வேலை

நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் கோகிலவாணியை எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளி மாட்டிவிட்ட வெள்ளைக் கோட்டு செய்த வேலை அது. சர்க்கரை பார்ப்பாள், பிரஷர் பார்ப்பாள், மாத்திரையை வேளை வாரியாகப் பிரித்துக் கொடுப்பாள். எல்லாம் நின்றுகொண்டேதான். சம்பளம் ஒன்பதாயிரம். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற பெண்கள் அதைவிட அதிகம் வாங்கினார்கள். கோட்டைப் பார்த்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

புருஷன் சிவபிரகாஷ் போர் போடுகிற ரிக் லாரி வேலைக்குப் போன இடத்தில் பைப் விழுந்து மண்டையில் அடிபட்டான். அன்றிலிருந்து வலிப்பு. பெரியாஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிற மாத்திரை அவனுக்குக் கேட்கவில்லை. வெளி மாத்திரை கேட்டது, விலைதான் கட்டுப்படியாகவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் வலிப்பு மாத்திரையைக் குறைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு, வீட்டில் அதையே இரண்டாக உடைத்துக் கொடுத்தாள். போன மாதம் இரண்டு தடவை விழுந்தான். அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

சம்பளம் கூட்டிக் கேட்டால் முதலாளி நவநீதகிருஷ்ணனிடம் ஒரே பதில்தான்.

"உனக்கென்னம்மா, ஏசியில நிக்கற வேலை. மருவாதையான வேலை."

மரியாதையைக் கொடுத்து எந்தக் கடையில் மாத்திரை வாங்குவதாம்? அதை மட்டும் அந்த மனுஷன் சொல்லமாட்டார்.

எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருந்த அருணகிரி வாராவாரம் சர்க்கரை பார்க்க வருவார். அவர் விரலில் ஊசி குத்திக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, பண்ணைக்கு ஆள் வேணும்னீங்களே. கெடச்சுருச்சுங்களா?"

"இல்லியே. ஆராச்சும் இருக்காங்களா அம்மிணி?"

"நாந்தானுங்க."

சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ற பண்ணையில நீ முட்டை பொறுக்கறதா? ஊரு என்னையத்தான் காறித் துப்பும். சும்மா இரு, உங்க மொதலாளிகிட்ட நான் பேசறேன்."

"வேண்டாமுங்க" என்று அவள் சொல்வதற்குள் கல்லாவுக்குப் போய்விட்டார். நல்ல மனுஷர், சந்தேகமே இல்லை. நல்லது செய்கிற வேகத்தில் கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்.

"ஏப்பா, டாக்டரம்மா முட்டை பொறுக்க வாரேங்குது. அப்படி என்னதான் சம்பளம் குடுக்கற?"

நவநீதகிருஷ்ணன் பல்லைக் காட்டினார். "ஏத்தீரலாமுங்க."

பாவி மகள், அதை நம்பினாள். அன்றைக்கு வீட்டில் முழு மாத்திரையாகவே கொடுத்தாள்.

திங்கட்கிழமை கடையில் கிருத்திகா என்ற புதுப் பெண் நின்றிருந்தது. பன்னிரண்டாவது முடித்த கையோடு வந்திருந்தது.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள இந்தப் புள்ளைக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துரு" என்றார் முதலாளி. "அப்பறம் நீ பண்ணைக்கே போய்க்க. ஆளை விட்டுப் பேச வெச்சு என்னைய மானங்கெடுத்துட்டியே." சத்தம்கூடப் போடவில்லை.

வெளியே போய் அருணகிரிக்குப் போன் செய்தாள். அவருக்கு நிஜமாகவே வருத்தம். ஆனாலும் பண்ணை மட்டும் வேண்டாம் அம்மிணி, என்னால் அந்தப் பாவத்தைச் சுமக்க முடியாது என்றுவிட்டார்.

உள்ளே வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பெண் கெட்டிக்காரி, கப்பென்று பிடித்துக்கொண்டது. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து நின்றது.

"அக்கா, எனக்கு ஆறாயிரம்னு சொல்லியிருக்காங்க. போகப்போக ஏத்துவாங்களா?"

உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் நாளைக்கு வராது. வராவிட்டால், இவள்தான் கலைத்துவிட்டாள் என்று முதலாளி இவளுடைய இந்த மாதச் சம்பளத்திலேயே கை வைத்துவிடுவார்.

"ஏத்துவாங்க கண்ணு" என்றாள் கோகிலவாணி.