சம்பந்தி வீட்டு வீடியோ

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. லோகப்பிரியா கொடுத்தது. கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறவள், எங்கள் அடுக்ககத்தில் மேல்மாடிக்காரி. ஒரு சனிக்கிழமை தெருமுனை பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, எங்கூட்டுல ஒண்ணு நடந்துபோச்சுங்க. கதையா எழுதிப்போடுங்க. பேரு மட்டும் மாத்திருங்க. எங்க மாமனார் படிச்சாலும் படிப்பாருங்க."

ஒரு பன்னுக்குக் கதை எழுதுகிறவள் என்று என்னை எண்ணிவிட வேண்டாம். இரண்டாவது டீயும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன், லோகப்பிரியா என்பது உட்பட. ஊரை மாற்ற முடியவில்லை. வாழைத் தோட்டம் வேண்டும் என்றால் கோபிசெட்டிபாளையத்தை விட்டு எங்கே போவது?

(இதற்கு மேலே "உண்மைச் சம்பவம், அனைவருக்கும் பகிரவும்" என்று எழுதி அனுப்பப் போகிறவர்களுக்கு: இது கதை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள், தெரியும். சொல்ல வேண்டியது என் கடமை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இன்றைய தகவல் யுகத்தில் உண்மை என்பது ஒரு"

நிறுத்திவிட்டேன். அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு பொன்னாடையும் நினைவுப் பரிசும் காத்திருப்பது தெரிந்தது.

அடுத்தது: "கோபியின் வயல்களின் மேல் அன்று காலைப் பனி மெல்ல"

நடந்தது சித்திரை மாதம். பனியாவது ஒன்றாவது.

மூன்றாவது: "தம்பிதுரை ஒரு பொய்யைப் பரப்பினார்." நல்ல தொடக்கம்தான். ஆனால் தம்பிதுரை பொய் சொல்லுகிற ஆள் இல்லை. தோட்டத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடமே கிணற்றில் தண்ணீர் குறைவு என்று சொன்னவர். ஆகவே அந்த வாக்கியத்தை ஒரு சொல் மட்டும் மாற்றி வைத்துக்கொள்கிறேன்:

தம்பிதுரை ஒரு மரியாதையைப் பரப்பினார்.

3

தம்பிதுரை லோகப்பிரியாவின் அப்பா. கோபிக்குப் பக்கத்தில் கதலி வாழை போட்டிருக்கிறார். மகளை வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஐயாசாமியின் மகன் சரவணனுக்குக் கட்டிக் கொடுத்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் கோவையில். அப்பாக்கள் இருவரும் வாட்ஸப்பில்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தி வீட்டிலிருந்து பலகாரம் வந்தால் எங்கள் பக்கத்தில் அதைப் பங்காளி வீடுகளுக்கெல்லாம் பங்கு வைப்பார்கள். அதிரசம் கல்லாக இருக்கலாம், முறுக்கு நமத்துப் போயிருக்கலாம். யாரும் கடித்துப் பார்த்துவிட்டுப் பங்கு வைப்பதில்லை. வந்தது, பிரித்தோம், கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர்களும் "சம்பந்தி ஊட்டுப் பலகாரம் அருமைங்க" என்பார்கள். அதிரசத்தை அப்புறம் யார் தின்றார்கள் என்று கேட்பதில்லை.

ஐயாசாமி ஒருநாள் காலையில் ஒரு வீடியோ அனுப்பினார். தம்பிதுரை வங்கியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார், போனில் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார். சம்பந்தி அனுப்பியது என்று பார்த்தார். "நன்றிங்க சம்பந்தி" என்று போட்டார். பிரிக்காமலே தன் பங்காளிகள் குரூப்பில் பங்கு வைத்தார்.

வீடியோவில் கையுறை போட்ட ஒருவன் வாழைச் சீப்புகளை நீல டிரம்மில் முக்கி முக்கி எடுக்கிறான். பின்னால் ஒரு குரல்: "கோபி பழ மண்டி பாய் பண்ற வேலையைப் பாருங்க மக்களே. இது மருந்து இல்லை, விஷம். உங்க குழந்தைங்களைக் காப்பாத்துங்க."

கோபியில் அப்படிச் சொன்னால் எல்லோரும் நினைப்பது ஒரே ஆளைத்தான். ரசாக். தம்பிதுரை தோட்டத்துத் தார்களையெல்லாம் வருஷக்கணக்காக வாங்குகிறவர். அதாவது, விஷம் என்று தம்பிதுரை பங்கு வைத்தது தன் தோட்டத்துப் பழத்தையே.

4

அந்த வாரம் தார் வெட்டுவதற்கு முன்னால் ரசாக் போன் செய்தார்.

"இந்த வாரம் வெட்ட வேண்டாமுங்ணா."

"ஏனுங்க ரசாக்கு, ஏவாரம் சுணக்கமா?"

"கொஞ்சம் சுணக்கமுங்ணா."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். தார் மரத்திலேயே பழுக்கத் தொடங்கியதும் தம்பிதுரை நேரில் ரசாக் கடைக்குப் போனார். பழம் தொங்கும் கயிறுகள் நிறைந்திருந்தன, வாங்க ஆளில்லை. என்ன என்று வற்புறுத்திக் கேட்டதும் ரசாக் போனை நீட்டினார். வீடியோ ஓடியது. தம்பிதுரைக்கு முதலில் கோபம் வந்தது. "எந்த நாய்ங்க இதை அனுப்புனது? பழம் பழுக்க வெக்கற இந்தப் புகைரூமுல டிரம்மு எங்க இருக்குது? நான் பாக்காததா?"

ரசாக் விரலால் தள்ளி அடுத்ததைக் காட்டினார். அது யாரோ வாடிக்கையாளர் அனுப்பிய, பங்காளிகள் குரூப்பின் படம். வீடியோவுக்கு மேலே அனுப்பியவர் பெயர் இருந்தது: தம்பிதுரை.

"தெரிஞ்சுதானுங்களா ரெண்டு வாரமாச் சும்மா இருந்தீங்க?"

"கேட்டாச் சங்கடப்படுவீங்கன்னுதானுங்ணா."

இந்த இடத்தை எழுதிவிட்டு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நாசமாகப் போகிறவன், தன்னை நாசமாக்கியவனுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று பார்க்கிறான். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கொங்கு நாட்டு மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழும்போது இனி நான் கொஞ்சம் இருமுவேன்.

5

ஒரு சந்தேகம்.* ரசாக்கின் பெயரை மாற்றினால் என்ன? கதையில் சண்டை சச்சரவு வேண்டாம் என்று ஒரு வரைவில் அவருக்குக் கோவிந்தராஜுலு என்று பெயர் வைத்தேன். மற்றதெல்லாம் அப்படியே. டிரம், கையுறை, குரல், எல்லாம்.

கதை நகரவில்லை. வீடியோ அந்தியூரைக்கூடத் தாண்ட மறுத்தது. பார்த்தவர்கள் "அவரு அப்படிச் செய்யமாட்டாருங்களே" என்று விட்டுவிட்டார்கள். மறுபடி ரசாக் என்று மாற்றினேன். மத்தியானத்துக்குள் திருப்பூர் போய், சாயங்காலம் துபாய் போய்விட்டது.

*சந்தேகம் எழுத்தாளருடையது. வாசகருக்கு இதில் சந்தேகமே இருக்காது என்பதுதான் எழுத்தாளரின் கவலை.

6

வில்லன் யார் என்று கேட்பீர்கள். எனக்கும் ஒரு வில்லன் இருந்தால் வேலை சுலபம். குளிரூட்டிய அறையில் ஒரு கண்ணாடிக்காரன், அவன் முன்னால் வரிசையாகக் கணினித் திரைகள், அவன் உதட்டில் ஒரு

அடித்துவிட்டேன். அந்தக் குரல் யாருடையது என்று லோகப்பிரியாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஐயாசாமியையாவது கொஞ்சம் கெட்டவராக எழுதலாம் என்று பார்த்தேன், மனிதர் ஒத்துழைக்கவில்லை. காலையில் எண்ணெய்ச் செக்கை ஓட்டிவிட்டு உட்கார்ந்து, சர்க்கரை நோய், சாலை விபத்து, கிட்னிக் கல் என்று வந்ததையெல்லாம் எல்லோருக்கும் அனுப்புகிறவர். "நம்ம சனம் நல்லாருக்கோணும்" என்பதைத் தவிர அவருக்கு வேறு நோக்கம் கிடையாது. பிறந்த நாள் வாழ்த்தையும் விஷத்தையும் ஒரே அன்போடு அனுப்பினார்.

7

உண்மை என்ன ஆயிற்று?

உண்மையை லோகப்பிரியா, அப்பா போனில் விஷயத்தைச் சொன்ன அன்றே கண்டுபிடித்துவிட்டாள். வீடியோவில் ஒரு காட்சியைப் படமாக எடுத்துத் தேடினாள். பழைய வீடியோ, வேறு மாநிலம். பின்னால் சுவரில் இருந்த எழுத்துகூடத் தமிழ் இல்லை, குரலை மட்டும் யாரோ தமிழில் ஒட்டியிருந்தார்கள். மூலச் சுட்டியோடு, மாமனார் மனம் கோணாதபடி, அழகாக ஒரு செய்தி எழுதினாள். மாமனார் வீட்டுக் குரூப்பில் மருமகள் அவரைத் திருத்துவது எப்படி? அதனால் அதைச் சரவணனுக்கு அனுப்பினாள்.

"நீங்களே போடுங்க."

"அப்பாகிட்ட நேர்ல சொல்லிக்கறேன்" என்றான் சரவணன்.

இன்னும் சொல்லவில்லை. பொய் வெள்ளகோவிலிலிருந்து துபாய் போய்ச் சேர்ந்தது. உண்மை சோபாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

8

ரசாக் கடையைக் காலி செய்வதாக முடிவெடுத்தார். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு மேட்டுப்பாளையத்தில் மச்சான் கடைக்கு வேலைக்குப் போவது என்று ஏற்பாடு. இனி முடிவுகள்.

முதல் முடிவு. தம்பிதுரை குரூப்பில் எழுதுகிறார்: "நான் அனுப்புன வீடியோ பொய்யிங்க. ரசாக் கடைப் பழம் எந்தோட்டத்துப் பழமுங்க. பாக்காம அனுப்புனது எந்தப்பு." எல்லோரும் மனம் திருந்துகிறார்கள்.

இதை எழுதி முடித்ததும் தம்பிதுரை என்னைப் பார்த்துப் பேசினார். (நிஜமாகப் பேசினாரா என்று கேட்காதீர்கள். மூன்றாவது வரைவில் எல்லோரும் பேசுவார்கள்.)

"அம்மணி, நீங்க எழுதிப்போட்டுப் போயிருவீங்க. வீடியோ பொய்யின்னா அனுப்புன சம்பந்தி யாருங்க? தீபாவளிக்கு அந்த ஊட்டுப் படியேறப் போறது எம்பட புள்ளைங்க. ‘உங்கப்பன் எங்கள அசிங்கப்படுத்திப்போட்டான்’னு ஒரு சொல்லு வந்தா யாரு வாங்கறதுங்க?"

அந்த முடிவை அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு என் கற்பனை அல்ல, தம்பிதுரையே செய்தது. மறுநாள் காலை ரசாக் கடைக்குப் போனார். பெயர்ப் பலகை தெரிகிற மாதிரி நின்று ஒரு பழத்தை உரித்து வாயில் வைத்தார். பக்கத்துக் கடைக்காரரைப் படம் எடுக்கச் சொன்னார். "இனிய காலை வணக்கம்" என்று மட்டும் போட்டுப் பங்காளிகள் குரூப்புக்கும் சம்பந்திக்கும் அனுப்பினார். யாரையும் பொய்யன் என்று சொல்லவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. கொங்குக்காரரால் மட்டுமே முடிகிற சாமர்த்தியம். நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

குரூப்பில் கட்டைவிரல்கள் குவிந்தன. ஐயாசாமி உடனே பதில் போட்டார்: "வெறும் வயித்துல வாழைப்பழம் ஆகாதுங்க சம்பந்தி." கூடவே அதற்கு ஒரு வீடியோ.

வாங்க ஆள் வரவில்லை. சாயங்காலம் தம்பிதுரை மறுபடியும் கடைக்குப் போனார்.

"படம் நல்லா வந்திருக்குதுங்ணா" என்றார் ரசாக்.

உள்ளே கூடைகளைக் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி சஃபியா நிமிரவில்லை. "கீழ ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா நாங்க கட்டாம இருந்திருப்போமுங்க" என்றாள்.

தம்பிதுரை வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று ராத்திரி மகளுக்குப் போன் செய்து அழுதாராம். லோகப்பிரியா தன் அப்பா அழுது கேட்டதே இல்லையாம். அதற்கடுத்த சனிக்கிழமைதான் எனக்குத் தேங்காய் பன்.

9

மூன்றாவது முடிவைத் தேடிக்கொண்டிருந்தபோது அவளே போன் செய்தாள்.

"அக்கா, முடிச்சுட்டீங்களாங்க?"

"இன்னும் இல்லை."

"அப்பா அந்த வரியை எழுதிப்போட்டாருன்னே முடிச்சுருங்க. பத்திரிகையில வந்ததும் அதை நான் எங்க ரெண்டு பக்கத்துக் குரூப்புலயும் போட்டுடறேன். கதைன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. படிச்சுப் புரிஞ்சுக்குவாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயரை மாற்றி, தேதியை மறைத்து, வலிக்காமல் கிள்ளி, அங்கங்கே சிரிக்கவும் வைத்து நான் இவ்வளவு நேரம் செய்துகொண்டிருந்தது என்ன? ரசாக் கடை வாசலில் நின்று நானும் ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டுப் படம் போட்டிருக்கிறேன். இனிய காலை வணக்கம்.

"கண்ணு" என்றேன், "ஐயாசாமி என்று நான் எழுதியிருப்பதைப் படித்து உங்கள் மாமனார் என்ன சொல்வார்?"

கொஞ்சம் யோசித்தாள். "‘பாவம், யாரோ ஒருத்தர் இப்படிச் செஞ்சுபோட்டாருங்க பாரு’ம்பாருங்க. நாலு பேருக்கு அனுப்புவாருங்க."

இருவரும் சிரித்தோம். அவள் சிரிப்பு முதலில் நின்றது.

"மாசக் கடைசி எப்பங்கக்கா?"

"வெள்ளிக்கிழமை."

"எங்கப்பா எனக்காகத்தானுங்க பயந்துட்டு உக்காந்திருக்காரு. நான்தான அங்க போய் நிக்கப்போறவ. அப்ப நானே போட்டுடறனுங்க. எம்பேருலயே."

"சரவணன்?"

"அவரு நேர்ல சொல்லிக்கட்டுங்க" என்று வைத்துவிட்டாள்.

இது நேற்று. போட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை, கேட்டால் அதைக் கொண்டு நன்றாக ஒரு முடிவு எழுதிவிடுவேன், நீங்களும் "நல்லா முடிச்சிருக்காங்க" என்று மூடி வைத்துவிடுவீர்கள்.

அந்தக் குரூப்பில் நான் இல்லை. நீங்கள் இருக்கலாம். ஒரு மருமகள் தன் மாமனார் போட்ட வீடியோவுக்குக் கீழே, எல்லோரும் பார்க்க, "இது பொய்யிங்க மாமா" என்று எழுதியிருக்கிறாளா பாருங்கள். எழுதியிருந்தால், அதற்கும் கீழே "ஆமாங்க" என்று யாராவது ஒருவர் எழுதியிருக்கிறாரா பாருங்கள். யாரும் எழுதவில்லை என்றால்