கடைசியாகப் பேசியது எப்போது

அம்மாவின் போன் வந்தபோது என் கையில் எச்சில் உறிஞ்சும் குழாய் இருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. டாக்டர் குடைந்துகொண்டிருக்கும் வரை வாயில் ஊறுவதை நான் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். சட்டைப் பையில் போன் அதிர்ந்து நின்றது, மறுபடி அதிர்ந்தது. "வீட்டுத் தபால் வந்திருக்கு போல, போய் வாங்கிட்டு வாம்மா," என்றார் டாக்டர் முகமூடிக்குள்ளிருந்து. அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து அந்த கிளினிக்கில் எனக்குத் தபால்காரம்மா என்று பெயர். கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு எடுத்து வெச்சு ரொம்ப நேரமாச்சு, ஆறிப்போவுதுன்னு," என்றாள் அம்மா.

நான் இருக்கும் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். அம்மா நின்றிருந்த இடத்துக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவில் ஒரு தையல் மெஷினும் சாத்திய கதவும்தான். தாழ்ப்பாள்கூடப் போடாத கதவு. ஆனாலும் சாப்பாடு ஆறுகிற சேதி என் வழியாகத்தான் போயாக வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து நான் பார்க்கும் உத்தியோகம் இது. முதலில் கூடத்தின் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பா, அம்மா கேட்கறா, கரண்ட் பில் கட்டியாச்சான்னு." "கட்டியாச்சுன்னு சொல்லு." இரண்டு பேருக்கும் இரண்டு பேர் பேசுவதும் நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் வாயைத் திறந்து திருப்பிச் சொல்லும் வரை அம்மா காது கேளாதவள் மாதிரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். வேலை கிடைத்து நான் ஊரை விட்டுக் கிளம்பியபோது, இனிமேல் வேறு வழியில்லை, பேசித்தான் ஆக வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கு முதல் வாரமே பொய்த்துப்போனது. ஆளுக்கொரு போன் வாங்கிக்கொண்டார்கள்.

கோபத்தில் வந்ததைக் கொஞ்சம் மழுக்கி, சும்மா வந்ததில் கொஞ்சம் சர்க்கரை தூவிக் கொடுப்பதும் எனக்குப் பழகிவிட்டது. "அந்த மனுஷனுக்குக் கண்ணு தெரியலையா, ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டிருக்கார்" என்று வருவது என்னிடமிருந்து "அப்பா, துண்டைக் கொடியில போடுங்களேன்" என்று போகும். அப்பா "அம்மாகிட்ட சொல்லு பாப்பா" என்றுதான் எதையும் ஆரம்பிப்பார். "அம்மாகிட்ட சொல்லு, மோட்டார் போடணும்." "அம்மாகிட்ட சொல்லு, மழை வர்ற மாதிரி இருக்கு, துணியெல்லாம் எடுத்துடட்டும்." இவ்வளவுக்கும் அவர் ஊமைச்சாமி இல்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கிற வரைக்கும் வெளியே நின்று உள்ளே இருப்பவரோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். வீடு எங்கே, எத்தனை பிள்ளைகள், காலையில் என்ன சாப்பிட்டீங்க. ஆள் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் பயம் ஏறாது என்பார். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பேச்சும் நின்றது. லிஃப்டில் ஏறி எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நெளிந்துவிட்டு, காபி ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் அவர்களும் வருவதில்லை. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, தூக்கம் குறைந்தது. மாத்திரை போட்டாரா என்று கேட்பதும் என் தபாலில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

அன்றைக்கு அப்பா போனை எடுக்கவில்லை. முதல் மணியிலேயே எடுக்கிறவர்.

"எடுக்கலம்மா. கதவைத் திறந்து பாரேன்."

  அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருப்பாள். "மணி அடிக்கறது எனக்கும் கேட்டுச்சு. தூங்கறாரோ என்னமோ. இன்னொரு தடவை அடிச்சுப் பாரு," என்றாள். உள்ளே வாயைத் திறந்து வைத்திருந்தவர் காத்திருந்தார். நான் போய்க் குழாயைப் பிடித்தேன். அவர் வாய் கொப்பளித்து எழுந்த பிறகு மறுபடி அடித்தேன், மறுபடியும். அடுத்ததாக அம்மா கூப்பிட்டபோது அவள் குரல் வேறாக இருந்தது. "எதிர் வீட்டு மாமாவைக் கூப்பிட்டிருக்கேன். அவர் திறந்து பார்க்கறார்."  மாமா "ஐயோ" என்றது போனில் கேட்டது.

அப்பா தரையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கையில் போன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பாதி போனில் கேட்டேன், மீதியை எதிர் வீட்டு மாமா பிறகு சொன்னார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. டாக்டர் சின்ன வயதுக்காரர். அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடைசியா எப்போ நல்லா பேசினாரும்மா?" அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். புரியவில்லையோ என்று அவர் திரும்பவும் கேட்டிருக்கிறார். "வாய் குழறாம கடைசியா உங்ககிட்ட எப்போ பேசினார்?" அம்மா தன் போனை எடுத்து என் எண்ணைப் போட்டு அவரிடம் நீட்டினாள். "எம் பொண்ணைக் கேளுங்க. அவகிட்டதான் பேசுவார்."

டாக்டருக்கு விளங்கவில்லை. "நீங்க வீட்ல கூட இருக்கீங்களா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன் பேசினார், நன்றாகத்தான் பேசினார், அம்மாகிட்ட சொல்லு, மெஷின் பெல்ட் தேஞ்சிருக்கு, இன்னைக்கு வாங்கிட்டு வர்றேன்னு சொன்னார். "அதுக்கு அப்புறம்?" என்றார். அதற்கு அப்புறம் யாருக்குத் தெரியும். "எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா அடைப்பைக் கரைக்கிற ஊசி போடலாம். தெரியாம போட்டா தலைக்குள்ள ரத்தம் கசிய வாய்ப்பு இருக்கு. காலையிலதான் கடைசின்னா நேரம் தாண்டிடுச்சு. அதான் கேட்கறேன், நடுவுல வீட்ல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை?" பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "கூடத்துக்கு வந்தார். மெஷின் பக்கத்துல குனிஞ்சு எதையோ பார்த்தார். அப்புறம் உள்ள போயிட்டார்." "பேசினாராம்மா?" "பேசல." "முகம் எப்படி இருந்துச்சு?"  "நான் நிமிர்ந்து பார்க்கலியே," என்றாள்.

ஊசி போடவில்லை.

நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது, வலது கையும் காலும் போனதைவிடப் பெரிதாக ஒன்று போயிருக்கிறது என்று. நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. ஆனால் பேச வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "அம்மாகிட்ட." தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாகிட்ட. போர்வை வேண்டுமென்றாலும் அம்மாகிட்ட. வேறொன்று சொல்லத்தான் முயல்கிறார் என்பது அவர் கண்ணில் தெரியும். கழுத்து நரம்பு புடைக்கும். கடைசியில் அதுவே வந்து விழும். அவருக்கே வெறுத்துப்போய் நல்ல கையால் கட்டிலை அடிப்பார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அது அதிசயமில்லை என்றாள். சிலருக்கு அடிக்கடி சொல்லிப் பழகிய ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிடுமாம். அப்பா அடிக்கடி சொல்லிப் பழகியது எது என்று அவளுக்கு எப்படித் தெரியும். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். கிளம்பும்போது அவள் சொன்னாள், "வாரத்துல ஒரு நாள் நான் வந்து பேசறது போதாது. பக்கத்துல ஆள் உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்கணும். எதையாவது. காய் விலை, பக்கத்து வீட்டு வம்பு, எதுவானாலும் சரி. மூஞ்சியப் பார்த்துப் பேசணும். அப்படிப் பேசப் பேசத்தான் கொஞ்சமாவது திரும்பும். இப்போ விட்டுட்டா அப்புறம் கஷ்டம்." பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நீங்கதான் கூட இருப்பீங்க, இல்லம்மா?" என்றாள். அம்மா துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

கவனிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. குளிப்பாட்டினாள், மலம் மூத்திரம் எடுத்தாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தாள், தலை சீவிவிட்டாள். எல்லாம் வாயை மூடிக்கொண்டு. கஞ்சி ஊட்டிக்கொண்டே, ஒரு முழம் தூரத்தில் அவர் முகம் இருக்கும்போது, கதவருகே நாற்காலியில் இருக்கும் என்னைப் பார்த்துச் சொல்வாள், "சூடா இருக்கான்னு கேளு." நான் கேட்பேன். அவர் தலையசைப்பார். அவள் ஸ்பூனை ஊதுவாள். அவளுக்குப் பின்னால் நின்று அவளை உலுக்க வேண்டும்போல எனக்கு வரும்.

கிளம்புகிற நாள் வந்தது. கிளினிக் டாக்டர் அதற்கு மேல் லீவு தரமாட்டார், தபால்காரம்மா இல்லாமல் அவர் பாடு திண்டாட்டம். பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். "நான் போயிட்டா அவர்கிட்ட யாரும்மா பேசுவா?"

"நீ போன்ல பேசு. காதுல வெச்சுப் பிடிக்கறேன்."

"அது பத்தாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா இல்ல? உன் வீம்புக்கு அவர் ஊமையாவே போகணுமா?"

அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தைக்கத் துணி எதுவும் இல்லை. "வீம்பா?" என்றாள். "எங்கப்பா மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கறார்னு இவருக்குச் சாயங்காலமே போன் வந்துச்சு. வேலை பண்ற இடத்துக்கு. வீட்டுக்கு வந்தார், எம் பக்கத்துல உட்கார்ந்தார், நான் போட்டதைச் சாப்பிட்டார். ராத்திரியில பதறிக்கிட்டு ஓட வேணாம், காலையில சொல்லிக்கலாம்னு நெனச்சாராம். நல்லதுக்குத்தான் நெனச்சார், எனக்கென்ன தெரியாதா. காலையில நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. வாசல் வாசல்னு பார்த்துக்கிட்டே இருந்தாராம்டி எங்கப்பா. ஒரு வார்த்தை. இவர் ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா ஓடியிருப்பேன் இல்ல?"

இதை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை அவள் அதோடு நிறுத்தவில்லை. சக்கரத்தைக் கையால் லேசாகச் சுற்றினாள். தேய்ந்த பெல்ட் நழுவியது.

"அன்னைக்கு நான் கதவுகிட்ட போனேன். உனக்குப் போன் போடறதுக்கு முன்னாடியே. உள்ள ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. தட்டறதுக்குக் கையத் தூக்கிட்டேன்." அவள் கை அப்படியே மேலே போய் நின்றது. "தட்டிட்டு என்னன்னு கூப்பிடறது? கூப்பிட்டா பேசணுமே. அப்படியே கையக் கீழ போட்டுட்டு வந்து சாப்பாட்டை மூடி வெச்சேன். அப்புறம்தான் உனக்குப் போட்டேன். டாக்டர் கேட்டப்பவும் அந்தச் சத்தத்தைப் பத்திச் சொல்லல."

 அவளைக் கட்டிப்பிடித்திருக்கலாம், எங்கள் வீட்டில் அது பழக்கமில்லை. உள்ளே கட்டிலில் அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். போய் அவர் கையைப் பிடித்து, வர்றேம்ப்பா என்றேன். "அம்மாகிட்ட," என்றார். கண்ணோரம் நனைந்திருந்தது. நான் துடைத்துவிட்டேன்.

கீழே வண்டி வந்துவிட்டது. லிஃப்டுக்குப் பொத்தானை அழுத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். நான் போய்விட்டேன் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். கஞ்சிக் கிண்ணத்தோடு அவர் அறைக்குள் போனாள். திறந்திருந்த கதவு வழியாக இருவரும் தெரிந்தார்கள். ஒரு ஸ்பூன் கொடுத்தாள், வாங்கிக்கொண்டார். இரண்டாவதை நீட்டியபோது அவர் வாயைத் திறக்காமல் அவளையே பார்த்தார்.

"அம்மாகிட்ட," என்றார்.

அம்மா வழக்கம்போல நாற்காலிப் பக்கம் திரும்பினாள். என்னவாம் என்று கேட்க உதடு பிரிந்தது. நாற்காலி காலியாக இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். ஸ்பூனிலிருந்து கஞ்சி போர்வையில் சொட்டியது, அவள் கவனிக்கவில்லை.

"அம்மாகிட்ட," என்றார் அவர் மறுபடி. நல்ல கை அவள் புடவைத் தலைப்பைத் தேடிப் பிடித்தது.

"அம்மாகிட்ட என்ன?" என்றாள் அம்மா.

 கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் அவருக்கு நேராக உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. அம்மாகிட்ட என்ன சொல்லணும்?"

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகள் கூடிக் கூடிப் பிரிந்தன. அவள் அந்த உதடுகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் வந்து நின்று, கதவு திறந்து, அதன் வெளிச்சம் எங்கள் வாசல் வரை விழுந்தது. கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. பிறகு தானாக மூடிக்கொண்டு ஆளில்லாமல் கீழே இறங்கிப்போனது.