தட்டு சுழற்றும் ஆகி ஃபென்

அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் ஹார்லன் அரங்கில் இப்போதெல்லாம் சினிமாதான். மதியக் காட்சி முடிந்து கூட்டம் எழுந்ததும், வெறும் மேடையில் தட்டுகள் சுழலும் சத்தம் கேட்கும். டிக்கெட் கிழிக்கும் மேபலுக்கு அது பழகிப்போன சத்தம்.

அது ஆகி ஃபென் என்ற வித்தைக்காரரின் ஆவி. முப்பத்தைந்து வருஷம் முன்பு, இதே மேடையில் பாட்டும் கூத்தும் வித்தையுமாக அமர்க்களப்பட்ட காலத்தில், குச்சி முனையில் பீங்கான் தட்டு சுழற்றியவர். முதலாளி அவரை எப்போதும் கடைசியில்தான் விடுவார். ஜனம் சலித்து எழுந்து போனால்தானே அடுத்த காட்சிக்கு இடம் காலியாகும்! போகிறவர்களின் முதுகுக்கே வித்தை காட்டிச் செத்துப்போனார், பாவி மனுஷன்.

அன்றைக்கு மேபலுக்குப் பொறுக்கவில்லை. துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

"என்ன மேபல், வீட்டுக்குப் போகலையா?" என்றார் படம் ஓட்டும் லெஸ்டர்.

"நீங்க போங்க. ஒருத்தியாவது கடைசிவரைக்கும் பாக்குறேனே."

சத்தம் வேகமெடுத்தது; பிறகு ஒவ்வொரு தட்டாக அடங்கியது. மேபல் எழுந்து நின்று, கை சிவக்கத் தட்டினாள்.

லெஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "கெடுத்தியே காரியத்தை! கைதட்டிட்டா அந்தக் காலத்து ஆளுங்க இன்னொரு தடவை ஆடிக்காட்டாம எறங்க மாட்டாங்களே!"

மேடையில் முதல் தட்டு மறுபடி சுழலத் தொடங்கியது. மேபல் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

"பொலம்பாம உக்காருங்க. இன்னைக்கு அவருக்குக் கூட்டம் ரெண்டு மடங்கு."