வெறும் நாண்

ஆயுத பூஜைக்காகத் தறிகள் நின்றிருந்தன. அதனால்தான் அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மற்ற நாளாயிருந்தால் விசைத்தறி இரைச்சலில் அமுங்கிப்போயிருக்கும், ஸ்ரீதரும் தப்பியிருப்பான்.

அருள்முருகன் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, அவன் மச்சினன் ஸ்ரீதர் இரு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லைப் பூஜைப் பலகையில் திரும்ப வைத்து அவசரமாகச் சந்தனம் அப்பிக்கொண்டிருந்தான். எதிரே சொம்பில் சாய்த்து வைத்த கைபேசி இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா சத்தம்?"

"தேங்கா ஒடச்சேன் பாவா."

தேங்காய் முழுசாகத் தாம்பாளத்தில் இருந்தது.

அருள்முருகன் கைபேசியை எடுத்துப் பார்த்தான். ஸ்ரீதர் நாணை மோவாய் வரை இழுத்துச் சிரிக்கிறான். அம்பு இல்லை. விரல் நழுவுகிறது.

"அம்பு இருந்தா யார்மேலனா பட்டுடும்னு அத எடுத்துட்டுத்தான் இழுத்தேன் பாவா. சேஃப்டியாத்தானே பண்ணேன்?"

அம்பு இருந்தால் இழுத்த விசையை அது சுமந்துகொண்டு போகும். இல்லாவிட்டால் அத்தனையும் வில்லுக்குள்ளேயே அடிக்கும். இதை ஸ்ரீதரின் தங்கை யுவஸ்ரீ இந்த வீட்டில் சொல்லாத நாளில்லை. வில் அவளுடையது. நாளை மறுநாள் சென்னையில் மாநில அணித் தேர்வு. வேண்டிக்கொள்ள மலைக்கோயிலுக்குப் போயிருந்தாள்.

அவள் அக்காவும் தன் மனைவியுமான சுசித்ரா இறந்து ஏழு மாதமாகியும் அருள்முருகன் இதே வீட்டு மாடியில்தான் இருந்தான். வேறு இடம் பார்க்கத் தோன்றவில்லை.

வில்லை ஜன்னலுக்குக் கொண்டுபோனான். நாணில் எண்ணெயும் சந்தனமும் பிசுபிசுத்தன. சக்கரத்தின் பள்ளத்தில் நசுங்கிய வாழைப்பழம். தொடவே கூசியது. நாணில் இழை அறவில்லை. கம்பிவடம் போன்ற கேபிளும் தடத்தில்தான் இருந்தது. சக்கரங்கள் கோணவில்லை. பிறகு விளக்குத்திரிப் பஞ்சை எடுத்து, வளையும் தகடுகளான இரண்டு லிம்பின் மேலும் மெல்ல ஓட்டினான். மேல் லிம்பின் ஓரத்தில் பஞ்சு மாட்டி நின்றது.

ஈரத்துணியால் துடைத்தான். சந்தனம் போயிற்று. குங்குமம் மட்டும் ஒரு விரற்கடை நீளத்துக்குச் சிவப்புக் கோடாக உள்ளே நின்றது. அவன் வேலை செய்யும் தொழிற்சாலையில் விரிசல் தேடச் சாயம் பூசித்தான் துடைப்பார்கள்.

மாமியார் ஜெயம்மாள் எட்டிப் பார்த்தாள். "மயிரு கணக்காத்தானே கீது மாப்ள? பாப்பா கிட்ட சொல்லாதீங்க. மனசு ஒடிஞ்சிடும். சாமி கும்ட்டாச்சு, ஒண்ணும் ஆவாது."

சுசித்ராவுக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாளும் இதே குரல், இதே சொல். அப்போது அவனும் தலையாட்டினான்.

"இழுக்கும்போது மூஞ்சி பக்கத்துல உடையும் அத்த. கண்ணு போயிடும்."

"பசை போட்டு ஒட்டிடலாம் பாவா," என்றான் ஸ்ரீதர். "மேல சந்தனம் வெச்சா தெரியாது."

அருள்முருகன் வில்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

யுவஸ்ரீ நெற்றி நிறைய திருநீறோடு உள்ளே வந்தாள். "வில்லு ஏன் உங்க கையில கீது பாவா?"

ஜெயம்மாள் அவனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

"உங்க அண்ணன் அம்பு இல்லாம இழுத்து உட்டுட்டான். மேல் லிம்ப்ல விரிசல்."

அவள் வாங்கிப் பார்த்தாள். நகத்தால் அந்தக் கோட்டை ஒருமுறை தடவினாள்.

"பாவா பெருசு பண்றாரு," என்றான் ஸ்ரீதர். "ஒண்ணும் ஆவல."

"ஒண்ணும் ஆவலையா? இந்தா, இழு." வில்லை நீட்டினாள். "நான் இழுக்கற மாதிரி, மூஞ்சியோட ஒட்டி."

ஸ்ரீதர் தயங்கிக் கையை நீட்டுவதற்குள் ஜெயம்மாள் பாய்ந்து அவனைப் பின்னால் இழுத்தாள்.

"வேணாண்டா! கண்ணுல கிண்ணுல பட்டுடப் போவுது!"

யுவஸ்ரீ அம்மாவையே பார்த்தாள்.

"எனக்குன்னா மட்டும் ஒண்ணும் ஆவாது. இல்லம்மா?"

ஜெயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

யுவஸ்ரீ வாசலில் நின்று பயிற்சியாளரிடம் பேசினாள். "வில்லு போச்சு சார்... ஆங்... யார்தும் எனக்கு அளவு சேராது சார்... ஆங், அடுத்த வருசம்."

அருள்முருகன் திருகுசாவி போட்டு இரண்டு லிம்பின் போல்ட்டுகளையும் வில்லின் விசை இறங்கும்வரை சமமாகத் தளர்த்தினான். இனி இந்த வீட்டில் யாரும் இதை அவள் கையில் கொடுத்து இழுக்கச் சொல்ல முடியாது.

"பொங்கல் ஆறுது, வாங்க எல்லாரும்," என்றாள் ஜெயம்மாள் உள்ளிருந்து.

ஸ்ரீதர் மட்டும் இலையில் போய் உட்கார்ந்தான்.