ஓம் என்றால் ஒத்துக்கொண்டதாம்

சுதாஜினிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்றைக்குக் காலைத் தேத்தண்ணி ஆறுவதற்குள்ளேயே சிவந்துவிட்டது.

கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் அவள் மனிதவள அலுவலர். பெயர்தான் பெரிது, வேலை ஆள் பிடிப்பது. இந்தக் காலத்தில் மெஷினில் இருக்க ஒரு பிள்ளை கிடைப்பது குதிரைக்கொம்பு. வருகிறவர்களும் சம்பளம் எடுத்த கையோடு சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிடுவார்கள். அதனால் சுதாஜினி ஸ்கூட்டியில் உடையார்கட்டு வரைக்கும் போவாள். முற்றத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, தாய்மாரோடு ஊர்க்கதையெல்லாம் கதைத்து, கடைசியில் ஒரு வாக்குக் கொடுப்பாள்: பொழுதுபட முதல் உங்கள் பிள்ளை வீட்டில் நிற்கும். அந்த வாக்கை நம்பித்தான் பிள்ளைகளை விட்டார்கள். அப்படி அவள் சேர்த்தவர்கள் பெரும்பாலும் வேலையில் நிலைத்தும் நின்றார்கள்.

கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு இது பிடிக்கவில்லை. ஆமை வேகமாம். முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடிப்பதற்கா சம்பளம் என்று கேட்டார்கள். இனிமேல் நேர்முகம் எல்லாம் போனில்தான் என்று முடிவாயிற்று. யாரோ ஒரு பிள்ளை கொழும்பில் இருந்து அழைத்து எழுதி வைத்ததை ஒரே மூச்சில் வாசிக்கும், இங்கே இருக்கிறவர் பதில் சொல்லவேண்டும், எல்லாம் பதிவாகும்.

அப்படிப் போனில் எடுபட்டவள்தான் ராஜினி. இரணைமடுப் பக்கம் வீடு. புருசன் போனவன் போனவன்தான். மகள் இந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். தாய் வேலையால் வரும்வரை பக்கத்து வீட்டில் நிற்பாள். ராஜினி வந்து கொஞ்சக் காலம்தான், ஆனால் காலர் தைப்பதில் கை நன்றாக ஓடியது, முகத்திலும் சிரிப்பு வந்திருந்தது.

அவள்தான் அன்று காலை அழுதுகொண்டு அறைக்குள் வந்தாள். தெற்கே, ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் இருக்கவேண்டிய தூரத்தில், கம்பனிக்கு இன்னொரு தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஆள் போதாதாம். திங்கட்கிழமை அவள் அங்கே போகவேண்டுமாம். போகாவிட்டால் வேலையைத் தானே விட்டதாகக் கணக்காம்.

“நான் எப்ப மிஸ் ஓமெண்டு சொன்னனான்?” என்று கேட்டாள் ராஜினி.

சொல்லியிருந்தாள். அதுதான் கொடுமை. சுதாஜினி கொழும்புக்குப் போன் எடுத்துச் சண்டை பிடித்து அந்தப் பதிவை வாங்கிக் கேட்டாள். “நிறுவனத்தின் தேவைக்கேற்ப வேறு தொழிற்சாலைகளுக்கு நீங்கள் இடமாற்றப்படுவீர்கள்” என்று குரல் வாசிக்கிறது. ராஜினி “ஓம்” என்கிறாள். வருடத்தில் எத்தனை நாள் லீவு என்று வாசிக்கிறது, அதற்கும் “ஓம்.” லைன் கரகரக்கிறது. “ஓம், ஓம், சொல்லுங்கோ.”

சுதாஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வன்னியில் போனில் கதைக்கிற எவரும் அப்படித்தான். செத்த வீட்டுச் செய்தி சொன்னாலும் ஓம், மாடு களவு போனது என்றாலும் ஓம். நீ சொல்லு, நான் காதில் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ராஜினியின் தாய் மலையகத்தில் இருந்து வந்தவர், இன்றைக்கும் “ஆமா” என்றுதான் சொல்வார். மகளுக்கு “ஓம்” இந்த ஊர் கொடுத்த சொல். அந்தச் சொல்லை வைத்தே அவளை இந்த ஊரை விட்டுக் கலைக்கப் பார்க்கிறார்கள்.

பின்னேரம் கொழும்பில் இருந்து முகாமையாளர் யோகநாதன் வந்தார். இங்கே பக்கத்தில் பளையில் பிறந்து வளர்ந்த மனிசன். ஓம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. தெரிந்துகொண்டே செய்கிறார் என்பதுதான் சுதாஜினிக்கு வயிற்றெரிச்சல்.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவர் கதையைத் தொடங்கினார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லையாம். ஒரு இடத்தில் நிலைத்து நிற்கமாட்டார்களாம். இன்றைக்கு ஒன்று சொல்லி நாளைக்கு மாறுவார்களாம். நிலைத்து நிற்கிற ஒருத்தியைப் பிடுங்கி அனுப்ப வந்த வாயால் இதைச் சொல்கிறாரே என்று சுதாஜினிக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பெரியவர் கதைக்கும்போது இடையில் விழுந்து பழக்கமில்லை. “ஓம் சேர்,” என்றாள். தெற்கில் ஓடரை முடிக்காவிட்டால் இங்கேயும் மூடவேண்டி வரும் என்றார். “ஓம் சேர்.” இடமாற்றத்தை ராஜினிக்கு விளங்கப்படுத்தியதாகவும் அவள் சம்மதித்ததாகவும் இங்குள்ள அலுவலர் ஒப்பம் வைக்கவேண்டும், அது இல்லாமல் அனுப்ப முடியாது என்றார். “ஓம்.”

“அப்ப சரி,” என்று தாளை அவள் பக்கம் தள்ளினார். “இதில வையுங்கோ.”

“நான் வைக்கமாட்டன் சேர்.”

யோகநாதனின் முகம் மாறியது. “என்ன விளையாடுறீங்களோ? இவ்வளவு நேரமும் ஓம் ஓமெண்டு சொல்லிப்போட்டு?”

தன் வாயில் இருந்து வந்த சொல் அவருக்கே திரும்பக் காதில் விழுந்திருக்கவேண்டும், பேனையை மூடினார்.

“நீங்கள் கதைச்சதைக் கேட்டுக்கொண்டிருந்தனான் சேர்,” என்றாள் சுதாஜினி. “ராஜினியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவள். உங்கட அம்மா பளையில இருந்து போன் எடுத்தா நீங்களும் ஓம் ஓமெண்டுதானே கேக்கிறனீங்கள். அவா சொன்ன எல்லாத்துக்கும் சம்மதமோ? இதில நான் ஒப்பம் வைச்சால் நாளைக்கு எந்த முத்தத்தில போய் இருக்கிறது? ஆர் என்ர கதையை நம்பிப் பிள்ளையை விடுவினம்?”

யோகநாதன் தாளை மடித்துப் பையில் வைத்தார். உங்களைப் பற்றி மேலே அறிவிக்கவேண்டி வரும் என்று மட்டும் வாசலில் நின்று சொன்னார். சுதாஜினி இந்த முறை வாயைத் திறக்கவேயில்லை.

திங்கட்கிழமை ராஜினியைத் தெற்குக்கு யாரும் பஸ் ஏற்றவில்லை. அவள் தன் மெஷினில் இருந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நடந்தது சாப்பாட்டு நேரத்துக்குள் மெஷின் வரிசை முழுக்கப் பரவியிருந்தது. மத்தியானம் பக்கத்து வீட்டில் இருந்து ராஜினிக்கு போன் வந்தது, மகள் பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டாளாம், சோறு சாப்பிடமாட்டேன் என்று நிற்கிறாளாம்.

சுதாஜினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜினி போனைக் காதில் வைத்தபடி வாயைத் திறந்தாள், பிறகு மூடினாள். சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

“கேக்குது. சொல்லுங்கோ.”