வயது பதினேழு

அக்கா கல்லூரி விண்ணப்பப் படிவத்தைப் பென்சிலால் நிரப்பி வைத்திருந்தாள். தங்கை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பேனாவை எடுப்பாளாம். அதைப் பார்த்ததும் தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஒரு வருடமாகத் தங்கைக்கு வேறு பேச்சே கிடையாது. படிப்பை இடையில் விட்டவர்களுக்குக் கல்லூரிகளில் தனி இடங்கள் வேண்டும். அதற்காக வரைவு எழுதினாள், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள், தான் வேலை செய்யும் தொண்டு அமைப்பின் சார்பில் அரசுக் குழுவின் முன்னால் பேசினாள். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாதவளிடம் அவ்வளவு பெரிய பொறுப்பு. குழுத் தலைவருக்கு அமைப்பில் வைத்திருந்த பெயர் கத்தரி. எந்த வரைவு போனாலும் பாதியை வெட்டாமல் அந்த மனிதருக்குத் தூக்கம் வராது.

அவரையே கரைத்தது அக்காவின் கதைதான். அப்பா படுத்த படுக்கையானதும், தங்கையாவது படிக்கட்டும் என்று பள்ளியை விட்டுவிட்டு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண். வயது பதினேழு என்று, குழுவுக்குக் கொடுத்த அறிக்கையில் தங்கை எழுதினாள். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். அடி விழுந்த வயதை எழுதுவார்கள், இப்போதைய வயதை எழுதமாட்டார்கள். அக்காவுக்கு இப்போது முப்பத்து நான்கு. அந்த வயதுக்காரிக்காக யார் கண் கலங்கப் போகிறார்கள்? கத்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, இருபத்தைந்து வயது வரம்பு போட்டால் இந்த வருடமே ஆகும், இல்லையென்றால் ஆகாது என்றார். இந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்கு அதனால் நஷ்டமொன்றும் இல்லையே என்றும் கேட்டார்.

தங்கைக்கு அக்கா ஞாபகம் அப்போது வராமலில்லை. ஆனால் மேசையைச் சுற்றி எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்றாள். வெளியே வந்ததும் கைகுலுக்கினார்கள், பாராட்டினார்கள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

வயது வரம்பைப் பற்றி மூன்று வாரமாக வீட்டில் வாயே திறக்கவில்லை.

"வா, வந்து பாரு. தேதி மட்டும் போடல," என்றாள் அக்கா. அவள் புறங்கை முழுக்க இஸ்திரி இயந்திரம் சுட்ட தழும்புகள். பக்கத்தில் அமைப்பின் அறிக்கை, அவள் கதை வந்த பக்கத்தின் நுனி மடிக்கப்பட்டிருந்தது. சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டியிருப்பாள்.

"உனக்குக் கிடைக்காதுக்கா. இருபத்தஞ்சு வயசு வரைக்கும்தான். நான்தான் சரின்னு சொன்னேன்."

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஏன் என்று மட்டும் கேட்டாள். தங்கை, கத்தரி கடைசியாகக் கேட்ட கேள்வி வரை எதையும் மறைக்காமல் சொன்னாள். அக்கா மடித்த பக்கத்தைத் திறந்து மறுபடி படித்தாள்.

"இதுல எனக்குப் பதினேழுதானே போட்டிருக்கு. அவரு மேல என்ன தப்பு?"

தங்கைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அடுத்த வருடம் வரம்பை நீக்கச் சொல்லி வலியுறுத்துவோம் என்று ஆரம்பித்தாள். கூட்டத்தில் பேசுகிற குரல் அவள் காதிலேயே விழுந்தது, நிறுத்திக்கொண்டாள்.

அக்கா ரப்பரைத் தேடி எடுத்தாள். "எங்க கூடத்துல ஒரு பொண்ணு இருக்கா, இருபத்திரண்டு வயசு. படிவம் வீணாப் போக வேணாம்." தன் பெயரிலிருந்து அழிக்கத் தொடங்கினாள். அழுத்தி எழுதியிருந்ததால் லேசில் போகவில்லை. "இனிமே என் கதைய எங்க சொன்னாலும், என் வயசையும் சேத்துச் சொல்லு."

தங்கை எதிரே உட்கார்ந்து, காகிதம் நகராமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.